மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வயது 67. இரவு எட்டரைக்கே கண் சொருகிவிடுகிறது. மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் இல்லை. காலையில் முழங்கால் விறைப்பாக இருக்கிறது. உடல் பரிசோதனையில் ஹெச்எஸ்-சிஆர்பி 4.2 என்று வந்தது. 'உடம்பில் லேசான அழற்சி' என்றார்கள். மஞ்சள் மாத்திரை சாப்பிடலாமா? தூக்க மாத்திரை தேவையா?

பதில்: அம்மா, முதலில் அந்த 4.2-ஐப் பார்ப்போம். சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அதன் சிறிய அளவையும் துல்லியமாகக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் ஹெச்எஸ்-சிஆர்பி. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் இது ஏறும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 3-ஐத் தாண்டினால் இதய நோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த வாரம் உங்களுக்குச் சளி பிடித்திருந்தாலோ, ஈறு வீங்கியிருந்தாலோ கூட இந்த அளவு வந்துவிடும். இரண்டு வாரம் கழித்து, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மறுபடி எடுங்கள். பல் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஈறு நோய் பல பேருக்கு வலியே இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கும்.

மறுபடியும் அதே அளவு வந்தால், அது வயதோடு வரும் மெல்லிய அழற்சியாக இருக்கலாம். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ல் இதற்கு 'இன்ஃப்ளமேஜிங்' என்று பெயர் வைத்தார். மூப்படைந்து, பிரிவதை நிறுத்திய செல்கள் சில சாகாமல் தங்கிவிடுகின்றன. அவையும் வயிற்றுக் கொழுப்பும் அழற்சிப் பொருள்களைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கின்றன. உமி நெருப்பு மாதிரி, வெளியே தெரியாமல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

தூக்கம் கெட்டால் இந்த நெருப்பு இன்னும் கிளறிவிடப்படும். கலிபோர்னியாவில் மைக்கேல் இர்வின் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், தூக்கமின்மை உள்ள முதியவர்களுக்கு மாத்திரை இல்லாமல், பழக்கங்களை மாற்றும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் சிஆர்பி கூடுதலாக இருப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அதனால்தான் உங்கள் தூக்கத்தில் இருந்து தொடங்கச் சொல்கிறேன்.

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டரையில் இருந்து மூன்று வரை ஆறரை மணி நேரம். கொஞ்சம் குறைவுதான், ஆனால் உங்களுக்குத் தூக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. அது முன்னால் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரத்தைச் சரிபார்க்கிறது. வயதாக ஆக, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, கடிகாரத்துக்கு வேண்டிய நீல ஒளியைத் தடுக்கிறது. கடிகாரமும் தானாகவே முன்னே ஓடப் பார்க்கிறது.

'காலை வெயிலில் நடங்கள்' என்று எல்லாரும் சொல்வார்கள். இரவு ஒரு மணிவரை தூக்கம் வராதவருக்கு அது அருமையான யோசனை. உங்களுக்கு அப்படி இல்லை. விடிகாலை வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் முன்னே இழுக்கும். மாலை வெளிச்சம் பின்னே தள்ளும். அதனால் மூன்று மணிக்கு விழித்தால் டியூப்லைட் போடாதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள். தடுக்கி விழாமல் இருக்க சின்ன விடிவிளக்கு போதும். காபி டபராவை ஐந்தரைக்கு முன் எடுக்க வேண்டாம். மாலை ஐந்து மணியில் இருந்து ஆறு வரை மொட்டை மாடியிலோ தெருவிலோ இருங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் வீட்டு விளக்கைவிட வெளியே வெளிச்சம் பல மடங்கு அதிகம்.

ராத்திரி ஏழரைக்கு சீரியல் பார்த்துக்கொண்டே சோபாவில் சாய்வீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இருபது நிமிடக் குட்டித் தூக்கம்தான் விடிகாலைத் தூக்கத்தைத் திருடுகிறது. அந்த நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் துணி மடியுங்கள், மறுநாள் சமையலுக்குப் பூண்டு உரியுங்கள். படுக்கும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளி, பத்து மணிக்குக் கொண்டுவாருங்கள்.

முழங்கால் விஷயம்: அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். அழற்சி மூட்டுநோய் உள்ளவர்களுக்கு விறைப்பு காலையில் கூடுவதற்கு இது ஒரு காரணம். அரை மணிக்குள் விறைப்பு இளகிவிட்டால் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம். மூட்டுவாத நிபுணரைத் தாமதிக்காமல் பாருங்கள்.

குழம்பில் போடும் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள். மஞ்சள் மாத்திரை வேண்டாம். அதிக செறிவுள்ள மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தூக்க மாத்திரையும் வேண்டாம். இந்த வயதில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் என் பெரிய பயம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் யாராவது சொன்னால், அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று மணிக்கு விழித்ததும் மனசு கனக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? மனச்சோர்வும் இப்படி விடிகாலையில் எழுப்பிவிடும். அப்படியென்றால் மேலே சொன்னதை மட்டும் நம்பிக் காத்திருக்காமல், இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.