கோச்சின் கண்ணும் ஜிபிஎஸ் கணக்கும்

வணக்கம் ஐயா,

கால்பந்து கிளப் ஒன்றில் நடுக்கள ஆட்டக்காரன் நான். பயிற்சி முடிந்ததும் கோச், "இன்றைக்கு நீ ஒழுங்காக உழைக்கவில்லை" என்கிறார். ஆனால் அணியிலேயே அதிகம் ஓடியது நான்தான் என்று ஜிபிஎஸ் கருவி காட்டுகிறது. கோச்சின் கண்ணை எவ்வளவு நம்பலாம்?

கே.

அன்புள்ள கே.,

எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. பந்தை வாங்கும் விதம், பாஸ் கொடுக்கும் நேரம் இதெல்லாம் பழகிய கண்ணுக்குச் சட்டென்று தெரியும். உழைப்பு அப்படித் தெரிவதில்லை.

நினைவும் கைவிடும். 1986இல் ஃபிராங்க்ஸ், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கால்பந்தில் இதைச் சோதித்தார்கள். ஆட்டத்தில் நடந்தவற்றில் பாதியைக்கூடப் புதிய பயிற்சியாளர்களால் சரியாக நினைவுகூர முடியவில்லை. நினைவில் விட்டுப்போவது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள் செய்யும் வேலைதான். கோல் நினைவில் நிற்கும், கோட்டைவிட்ட பந்தும் நிற்கும். எதிரணி பாஸ் கொடுக்க நினைத்த வழியை நீங்கள் முன்கூட்டியே போய் அடைத்தால் அங்கே எதுவுமே நடக்காது. நடக்காததை யார் குறித்துவைப்பார்கள்?

ஆனால் ஜிபிஎஸ்ஸும் அதைச் சொல்லாது. தவறான இடத்தில் நிற்பவர் திரும்பத் திரும்பத் துரத்தி ஓடவேண்டியிருக்கும், தூரமும் கூடும். அதிகம் ஓடியதை மட்டும் வைத்துக்கொண்டு கோச்சிடம் வாதாடப் போகாதீர்கள்.

உழைப்பைப் பற்றி கார்ல் ஃபாஸ்டர் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. இலேசாக இருக்கட்டும் என்று பயிற்சியாளர்கள் திட்டமிட்ட நாட்களில் வீரர்கள் அதைவிடக் கடுமையாக உழைத்திருந்தார்கள். கடும் பயிற்சி நாட்களில் திட்டமிட்டதைவிடக் குறைவாக. கோச் மனத்தில் இருந்த பயிற்சி வேறு, வீரர்களின் உடம்பு செய்தது வேறு.

அப்புறம், முதல் அபிப்பிராயம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில், புது வீரர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும் டிராஃப்டில் முன்னால் தேர்வானவர்களுக்கு, ஆட்டத்திறனைக் கணக்கில் எடுத்த பிறகும், களத்தில் கூடுதல் நிமிடங்கள் கிடைத்ததை ஸ்டா, ஹோவாங் என்ற ஆய்வாளர்கள் 1995இல் காட்டினார்கள். ஒருவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டால் அடுத்த வாரமும் கண் அதைத்தான் தேடும்.

ஒன்று செய்யுங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் ஒரு எண்ணைக் குறித்து, பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 60 நிமிடத்துக்கு 6 என்றால் 360. சக வீரர்களும் இப்படிக் குறிக்கட்டும். கோச்சும் ஒவ்வொருவருக்குமான எண்ணைத் தனியாக, அவரவர் எழுதியதைப் பார்க்காமல் எழுதட்டும். சில வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். எல்லோருக்கும் குறைத்துப் போடுகிறார் என்றால் அது அவர் அளவுகோல். உங்களுக்கு மட்டும் குறைகிறது என்றால், எந்தப் பயிற்சியில், எந்த நிமிடத்தில் என்று அவரிடமே கேளுங்கள்.