குதிரைக்கு ஈபிஎம் (மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஒட்டுண்ணி நோய்) வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தடுக்க வழி இருக்கிறதா?

குதிரை வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆரம்பத்தில் எல்லோரும் இதைக் கால்வலி என்றுதான் நினைப்போம். ஆனால் கால்வலியில் நொண்டும் குதிரை பெரும்பாலும் அடிக்கு அடி ஒரே மாதிரி நொண்டும். ஈபிஎம் வந்த குதிரைக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்பதே சரியாகப் பிடிபடாது. ஒரு அடி ஒழுங்காக விழும், அடுத்த அடி அகலமாகப் போகும், அதற்கடுத்ததில் குளம்பின் முனை தரையில் இழுபடும்.

இன்னொரு முக்கியமான தடயம், கோளாறு ஒரு பக்கமாக இருப்பது. பின்னால் பாதுகாப்பான தூரத்தில் நின்று புட்டத்தின் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பக்கத் தசை மட்டும் வற்றியிருக்கிறதா? தாடைத் தசை ஒரு பக்கம் குழிவது, உதடோ காதோ தொங்குவது, தலை சாய்வது, விழுங்கத் திணறுவது எல்லாம் இதில் வரலாம். இப்படி எதைப் பார்த்தாலும் சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், தள்ளாடும் குதிரை உங்கள் மேலேயே விழக்கூடும்.

காரணம் பெரும்பாலும் சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. ஒப்போசம் என்ற பூனையளவு பைப்பாலூட்டியின் எச்சம் தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து குதிரையின் வயிற்றுக்குள் போனால், இந்த ஒட்டுண்ணி தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கலாம். ஒப்போசம் அமெரிக்கக் கண்டங்களின் பிராணி என்பதால் இதுவும் அங்கத்திய நோய்தான், மற்ற நாடுகளில் தென்பட்டால் பெரும்பாலும் அங்கிருந்து வந்த குதிரையாக இருக்கும். குதிரைக்குக் குதிரை இது தொற்றாது. அதற்காக உடனே நிம்மதியாகிவிடாதீர்கள், ரேபிஸும் குதிரை ஹெர்பிஸ் வைரஸ் நோயும் இதே மாதிரி காட்டும், அவை தொற்றும். அவை இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை தனியாகக் கட்டுங்கள், கையுறை இல்லாமல் வாய்க்குள் கைவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் பாசிடிவ் வந்ததும் பதறுபவர்கள் நிறைய. ஒட்டுண்ணி எப்போதோ உள்ளே போயிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, அப்படிப் பாசிடிவ் ஆன குதிரைகளில் நோய் வருவது மிகச் சிலவற்றுக்கே. ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளையும் (ஒட்டுண்ணியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) தண்டுவட நீரில் உள்ளதையும் ஒப்பிட்டால்தான் விஷயம் தெளிவாகும், அதைக் கேட்டு வாங்குங்கள். மருந்து உண்டு, பொனசுரில் என்ற மருந்து 2001-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். பல குதிரைகள் தேறும், ஆனால் முழுசாகப் பழைய நிலைக்கு வருபவை குறைவு, சிலவற்றுக்குத் திரும்பவும் வரும். அதனால் தாமதிக்காமல் ஆரம்பிப்பதுதான் பெரிய விஷயம்.

தடுப்பூசி இல்லை. அதனால் தடுப்பு என்றால் தீவன அறைதான். தானியத்தை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், வைக்கோலை மூடுங்கள், சிந்தியதை அன்றைக்கே கூட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியை அடிக்கடி கழுவி மாற்றுங்கள். லாயத்துப் பூனைக்கு ராத்திரி சோறு வைத்துவிட்டுப் போவது ஒப்போசத்துக்கு விருந்து வைப்பதுதான் (பூனை கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை). மரத்தடியில் விழுந்த பழங்களையும் பொறுக்கிவிடுங்கள். கிருமிநாசினியை நம்பி ஏமாறாதீர்கள், வழக்கமாகத் தெளிக்கும் பிளீச் எல்லாம் இந்த ஒட்டுண்ணியின் ஓட்டுக்குள் புகுவதில்லை, கொதிக்கும் வெந்நீரோ நீராவியோதான் வேலை செய்யும்.

அப்புறம், நீண்ட பயணம், போட்டி, பிரசவம் மாதிரி உடம்பைக் களைப்பாக்கும் சமயங்களுக்குப் பிறகு நோய் தலைகாட்டும் வாய்ப்பு அதிகம். அந்த வாரங்களில் குதிரையைச் சிறு வட்டமாக நடக்கவிட்டு, முக்கியமாகப் பின்னங்கால்களைக் கவனித்துப் பாருங்கள்.