வாசகர் கேள்வி – பதில்: நற்செய்திப் பாரமுள்ள சபை

கேள்வி: எங்கள் தோட்டச் சபையில் ஐம்பதுக்கும் குறைவான குடும்பங்களே இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை மிஷனரி ஞாயிறு கொண்டாடுகிறோம். வெளியூர்ப் பிரசங்கியார் பேசும்போது பலர் கண்ணீர் விடுகிறார்கள். காணிக்கையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக விழுகிறது. திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகும்போது எல்லாம் மறைந்துவிடுகிறது. சபையாரின் உள்ளத்தில் நற்செய்திப் பாரம், அதாவது நற்செய்தியை அறியாதவர்கள்மேலுள்ள அக்கறை, நிலைத்திருக்க என்ன செய்யலாம்?
— சபை மூப்பர் ஒருவர், ஹட்டன்

பதில்: அந்தக் கண்ணீரைக் குறைவாக எண்ண வேண்டாம், ஐயா. அது உண்மையான கண்ணீர்தான். ஆனால், யாருக்காக அழுதீர்கள் என்று கேட்டால் ஒரு பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல்தான் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். 'அழிந்துபோகும் ஆத்துமாக்கள்' என்று பொதுவாகச் சொல்லப்படும் பாரம் மறுநாளே மங்கிவிடும். 'கீழ்ப்பிரிவு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் அக்கா' என்று சொல்லிப் பாருங்கள். கொழுந்து பறிக்கும்போதும் அந்த முகம் நினைவுக்கு வரும். திரளான ஜனங்களைக் கண்டு இயேசு மனதுருகினார் என்று மத்தேயு 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்கு முந்திய வசனத்திலேயே, அவர் சகல பட்டணங்களையும் கிராமங்களையும் சுற்றி நடந்தார் என்று எழுதியிருக்கிறது. நடந்து பார்த்தவருக்குத்தான் மனம் உருகியது.

இன்னொரு தடை நம் வரலாற்றிலேயே இருப்பதாக நான் கருதுகிறேன். 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தமிழ்க் கூலி மிஷன்' மூலமாகவே மலையகத் தோட்டங்களில் நற்செய்தி ஒழுங்காக அறிவிக்கப்படலாயிற்று. அன்றைய கோப்பித் தோட்டத் துரைமாரில் சிலர் பணம் கொடுத்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த திருச்சபை மிஷனரிச் சங்கம் பொறுப்பேற்றது. ஆகவே தொடக்கம் முதலே நம்முடைய சபைகள் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே அமர்த்தப்பட்டன. கோயில் கட்ட, கூரை மாற்ற, போதகருக்குச் சம்பளம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் மேலேயிருந்து யாரோ தருவார்கள் என்ற பழக்கம் தலைமுறைகளாக ஊறிவிட்டது. மிஷனரிப் பணி என்பது வசதியுள்ளவர்கள் செய்வது, நாம் அதைப் பெறுகிறவர்கள் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் அதே 1854இன் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழில் வேதத்தைச் சொன்னவர்கள் துரைமார் அல்லர். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசிமார். தங்கள் மக்கள் கடல் கடந்து மலையேறிவிட்டார்கள் என்று அறிந்து, அவர்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள். பின்னர் 1902இல், திருநெல்வேலியைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே கொடுத்துத் தாங்களே ஆள் அனுப்பி ஊழியம் நடத்துவதைக் கண்டார். ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் உருவாயிற்று. 1909இல் அவரே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912இல் அங்கே பேராயராக்கப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். திருநெல்வேலி நமக்குக் கொடுத்தது, இலங்கை திருநெல்வேலிக்கு ஒரு தரிசனத்தைக் கொடுத்தது. இதை உங்கள் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களா? ஆபிரகாமையும் மோசேயையும் சொல்லிக்கொடுக்கும் நாம், நமக்கு நற்செய்தியைக் கொண்டுவந்த உபதேசிமாரைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இனி, செய்யக்கூடியவற்றுக்கு வருகிறேன். புதிதாகக் கூட்டங்களைச் சேர்க்காதீர்கள். ஆறு நாட்கள் மலையில் நின்றுவிட்டு வருகிற மக்களுக்கு இருக்கும் மாலை நேரமே குறைவு. ஏற்கெனவே நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்தின் கடைசிப் பகுதியைப் பிறருக்கென்று ஒதுக்கினால் போதும். நான் கலந்துகொண்ட ஒரு லயத்துக் கூட்டத்தில், அந்த வீட்டு அம்மா பழைய கொப்பி ஒன்றின் பின்பக்கத்தை விரித்து, அதில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிள்ளை பெற்றிருந்த அடுத்த காம்பராப் பெண், குடிக்கு அடிமையான ஒரு தம்பி, கொழும்பில் கடைவேலைக்குப் போய்க் கடிதம் போடாத ஒரு பையன். ஒரு பெயரை வாசித்தபின், "இவங்களைப் போய்ப் பார்த்தது யாரு?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பீலியிலிருந்து ஒரு வாரமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதாக ஒரு தங்கை மெல்லச் சொன்னாள். அதன் பிறகுதான் ஜெபித்தார்கள். ஜெபிப்பதும் நடந்துபோய்ப் பார்ப்பதும் பிரியாமலிருந்த அந்த முறையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அடுத்தது பணம். தொகை முக்கியமன்று, ஒழுங்கு முக்கியம். மிசோரம் மலைநாட்டுச் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைக்கும் வழக்கம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இருந்துவருகிறது. அந்த ஏழை மக்களின் பிடியரிசி பல ஊழியர்களைப் பல இடங்களுக்கு அனுப்பியிருக்கிறது. உங்கள் சபையும் ஒரே ஒரு ஊழியரையோ, சபை இல்லாத ஒரு தோட்டப் பிரிவையோ தெரிந்துகொண்டு, மாதந்தோறும் சிறு தொகையாவது தவறாமல் அனுப்பட்டும். அவரிடமிருந்து மாதம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, ஆராதனையில் அறிவிப்புகளோடு சேர்த்து அவசரமாக முடித்துவிடாமல், நிதானமாக வாசியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு மூன்று பேர் அங்கே போய்ச் சில நாட்கள் தங்கி வரட்டும். வான் பிடித்துப் போய்ப் பாடிவிட்டு அன்று மாலையே திரும்புவதில் அதிகம் கிடைக்காது.

மூப்பராகிய உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தியோகியாச் சபை பர்னபாவையும் சவுலையும் அனுப்பியது. அவர்களைவிடச் சிறந்த போதகர்கள் அங்கே இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சபையில் நன்றாகப் பாடும், நன்றாகப் படித்த வாலிபன் ஒருவன் ஊழியத்துக்குப் போக விரும்பினால், 'இங்கே ஆள் இல்லையே' என்று தடுப்பீர்களா? சபையின் உள்ளம் அந்த இடத்தில்தான் வெளிப்படும்.

கேள்வி: எங்கள் சபைப் பெண்கள் பலர் வீட்டு வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். இவர்களையும் மிஷனரிகள் என்று சொல்லலாமா?
— சகோதரி ஒருவர், தலவாக்கலை

பதில்: வேதத்தில், சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் வேலை செய்த ஒரு சிறுமி இருந்தாள். சிறைபிடிக்கப்பட்டு அந்நிய நாட்டில் வேலைக்காரியாக வைக்கப்பட்டவள். 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதனால் அந்தப் படைத்தலைவன் குணமடைந்தான். ஆகவே கர்த்தர் உங்கள் சகோதரிகளைப் பயன்படுத்துவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் அவர்கள்மேல் பாரத்தை ஏற்றாதீர்கள். கடனை அடைக்கவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் போகிறவர்கள் அவர்கள். சவூதி அரேபியா போன்ற நாட்டில் பிற மதத்தைப் பகிரங்கமாக அனுசரிக்கவே அனுமதி இல்லை. அங்கே துணிந்து பேசு என்று இங்கே பாதுகாப்பாக இருந்துகொண்டு சொல்வது அன்பாகாது. போகுமுன் சபையார் முன்னிலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புங்கள். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதையும், காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதையும் சபை ஏற்றுக்கொள்ளட்டும். தாய் தூரத்தில் இருக்கிறாள் என்பதால் ஒரு பிள்ளையும் வழிதவறாத சபையை அக்கம்பக்கத்து லயத்தார் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: நிவாரணப் பொருள் கொடுக்கப் போனால், மதம் மாற்ற வந்தீர்களா என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— வாலிபர் சங்கச் செயலாளர், பதுளை மாவட்டம்

பதில்: கேட்கிறவர்கள்மேல் கோபப்படாதீர்கள், அப்படிக் கேட்பதற்குச் சிலர் இடம் கொடுத்திருக்கிறார்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை உங்கள் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டையும் உறவையும் இழந்து நிற்கிறவருக்கு மறுத்துப்பேசும் வலிமை இருக்காது. அந்த நேரத்தில் அரிசிப் பையோடு ஆராதனை அழைப்பையும் கையில் திணித்தால், அவர் சொல்லும் 'ஆம்' அவருடைய சொந்தச் சொல்லாகாது.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தாம் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் எல்லாருக்கும் சுதந்திரம் தருகிறது; 14ஆம் உறுப்புரை அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைப் பிரசைகளுக்குத் தருகிறது. ஆனால் 2003இல், ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில், மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாக உறுதிசெய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் கூறியது. பொருளுதவியும் மதப் பரப்புரையும் சேர்ந்துவருவதே அங்கே முக்கியமான கவலையாக இருந்தது. 2004இல் முன்வைக்கப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் சட்டமாகவில்லை. அந்தக் கவலை மட்டும் நாட்டில் இன்றும் இருக்கிறது.

ஆகவே என் ஆலோசனை கண்டிப்பானது. நிவாரணத்தை எல்லா மதத்தாருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். முடிந்தால் கோயில் கமிட்டித் தலைவரோடு சேர்ந்து கொடுங்கள். பையில் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். வாங்குகிறவரைப் படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள். பின்னொரு நாள் அவராக, 'ஏன் இதைச் செய்தீர்கள்?' என்று கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உங்கள் நம்பிக்கையைப் பற்றித் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நடக்கும்போது கிறிஸ்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: மனச்சாட்சி இடம்தராத சடங்கில் சேர வேண்டாம், அதைப் பணிவாகச் சொன்னால் அயலார் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த நாளில் போட்டிக்கு ஒலிபெருக்கி கட்டாதீர்கள், பிறர் வணங்குவதைப் பழித்துப் பேசாதீர்கள். எபேசுவில் கலகம் எழுந்தபோது, பவுலின் தோழர்கள் 'உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்லர்' என்று அந்த ஊர்ச் சம்பிரதியே (நகர அதிகாரியே) சாட்சி சொன்னதை அப்போஸ்தலர் 19:37இல் காணலாம். உங்களைப் பற்றி உங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் அப்படிச் சொல்வாரா என்று சபையாக உட்கார்ந்து பேசுங்கள். இல்லை என்று தோன்றினால், சுவிசேஷக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதை ஒத்திவைத்து, முதலில் அவருடைய வீட்டுக்குப் போய்வாருங்கள்.