பொம்மைய விட மாட்டேங்குற செல்லி, பாவம் புரூனோ

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வீட்டுல ஏற்கனவே ரெண்டு பேர் இருக்காங்க, 6 வயசு லாப்ரடார் (லாப்) புரூனோ, 3 வயசு டாஷண்ட் பிங்கி. போன மாசம் ஒரு ஷெல்டர்ல இருந்து செல்லிங்கற நாட்டு நாய எடுத்துட்டு வந்திருக்காங்க, பொண்ணு, வயசு 2 இருக்கும்னு சொன்னாங்களாம். வந்த கொஞ்ச நாள்லயே புரூனோவோட பழைய கரடி பொம்மைய எடுத்து வச்சுக்கிட்டா, தூங்கும்போது தாடைக்கு அடியில, மொட்டைமாடிக்குப் போனாலும் வாயில. பிங்கி பக்கத்துல வந்தா கண்டுக்கறதில்ல, புரூனோ வந்தா மட்டும் உறுமுறா, போன வாரம் காதுல லேசா ஒரு கடியும் வச்சிட்டா. வீட்டுக்காரர் கோவத்துல பொம்மைய பிடுங்கி பீரோ மேல வச்சிட்டார், இப்ப செல்லி பீரோவையே பார்த்து முனகிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பொம்மைய தூக்கிப் போட்டுடறதா, ஆளுக்கொண்ணு வாங்கித் தர்றதா, இல்ல இந்த வீடே அவளுக்கு ஒத்துவரலையா?

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், இதுக்காக எல்லாம் திருப்பி அனுப்பாதீங்க. ஒரு மாசம்ங்கறது ஷெல்டர்ல இருந்து வந்த நாய்க்கு ஒண்ணுமே இல்ல, பாதி நாய்ங்களுக்கு வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு பிடிபடவே அதுக்கு மேல ஆகும்.

அடுத்து, பழக்கம் சொல்லிக் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ காதைப் பாருங்க. நுனியில சின்னதா வெட்டு இருந்தா தெருநாய்ங்களுக்கான ஏபிசி திட்டத்துல கருத்தடை ஆபரேஷன் ஆன நாய்னு அர்த்தம். வெட்டு இல்லைன்னா ஷெல்டர்ல கேளுங்க, ஆபரேஷன் ஆச்சா, எப்ப ஆச்சு, அதுக்கு முன்னாடி ஹீட், அதாவது இணை சேர்ற பருவம், எப்ப வந்ததுன்னு. ஏன் கேக்கறேன்னா பொண்ணு நாய்ங்களுக்கு பொய் கர்ப்பம்னு ஒண்ணு வரும், ஹீட் முடிஞ்சு ஒண்ணரை ரெண்டு மாசத்துல உடம்பு குட்டி போட்ட மாதிரியே நடந்துக்கும், பொம்மைய குட்டியா நினைச்சு தூக்கிட்டு அலையும், படுக்கையத் தோண்டும், முனகும், காம்பு வீங்கும், சிலதுக்கு பாலே வரும். ஹீட்டுக்கு அப்புறம் தப்பான நேரத்துல ஆபரேஷன் நடந்திருந்தாலும் ஹார்மோன் சட்டுனு இறங்கி சில நாள்லயே இது வரலாம். நீங்க சொல்ற முனகலும் தூக்கிட்டு அலையறதும் எனக்கு அந்த சந்தேகத்த கிளப்புது, அதனால ஒரு தடவை வெட் கிட்ட காட்டிடுங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கிடும், மடிய மட்டும் பிழிஞ்சு பார்க்காதீங்க, பால் இன்னும் ஊறும். போனதும் போனீங்க, பல் வலி, மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க, வலி இருக்கற நாய் யாரையும் கிட்ட சேர்க்காது.

அதெல்லாம் இல்லைன்னா இது தன் பொருள யாரும் எடுத்துடாம காவல் காக்கற குணம், நல்லா வளர்த்த பணக்கார வீட்டு நாய்க்கும் இருக்கும். இதுல பிடுங்கறதுதான் ரொம்ப கெடுதல். அவ மனசுல புரூனோ வந்தா பொம்மை போயிடுமோன்னு பயம் இருந்தது, இப்ப மனுஷங்க வந்தாலும் போயிடும்னு நிரூபிச்சிட்டோம். கனடாவுல குவெல்ஃப் யுனிவர்சிட்டிக்காரங்க நாய் வளர்க்கறவங்க கிட்ட கேள்வி கேட்டு 2018ல வெளியிட்ட ஆய்வுல, சாப்பிடும்போது தட்டை எடுக்கற வீடுகள்ல காவல் குணம் அதிகமாவும், சாப்பிடற தட்டுல நல்ல துண்டு கூடுதலா போடற வீடுகள்ல குறைவாவும் இருந்திருக்கு. எது காரணம் எது விளைவுன்னு அந்த மாதிரி ஆய்வ வச்சு அடிச்சு சொல்ல முடியாது, தட்டும் பொம்மையும் ஒரே விஷயமும் இல்ல, ஆனா எங்க வேலையில தினமும் பார்க்கறதும் இதேதான்.

உறுமுறதுக்குத் திட்டாதீங்க ப்ளீஸ். உறுமல் அவ குடுக்கற எச்சரிக்கை, அத அடக்கிட்டீங்கன்னா அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம நேரா கடி விழும். உண்மையில உறுமலுக்கு முன்னாடியே நிறைய சொல்லியிருப்பா, வாய் அசையாம நிக்கும், உடம்பு விறைக்கும், தலை பொம்மை மேல கவிழும், கண்ணு ஓரமா திரும்பி வெள்ளை தெரியும். நீங்க பார்க்கக் கத்துக்க வேண்டியது அதத்தான். இன்னொண்ணு, அவ உறுமினதும் புரூனோ முகத்தத் திருப்பிக்கிட்டு போயிடறானா, அப்ப அது ரெண்டு பேருக்குள்ள நடக்கற பேச்சு, விட்டுடலாம். அவன் நகராம முறைச்சுக்கிட்டே நின்னா தான் எனக்கு பயம். காதுல கடி விழுந்திருக்குன்னா அவன் நகரலைன்னு தோணுது, லாப்ங்களுக்கு இந்த நாசூக்கு கொஞ்சம் கம்மிதான்.

இப்ப என்ன பண்ணலாம்? பொம்மைய பீரோவுல இருந்து இறக்கி குடுங்க, ஆனா அவ படுக்கற ரூம்ல, கதவையோ பேபி கேட்டையோ சாத்திட்டு. மூணு பேரும் ஒண்ணா இருக்கற ஹால்ல தரையில எந்த பொம்மையும் எலும்பும் கிடக்கக் கூடாது. வெளிய வரும்போது பொம்மைய வாங்கணும்னா கைய நீட்டாம கோழித் துண்டு நாலஞ்ச ரெண்டு அடி தள்ளிப் போடுங்க, எலும்பு வெங்காயம் மசாலா எதுவும் இல்லாம வேக வச்சது, அவ விட்டுட்டு சாப்பிடப் போனப்புறம் எடுங்க, சில சமயம் எடுத்துட்டு உடனே திருப்பியும் குடுங்க, எடுத்தா திரும்ப வரும்னு அவளுக்குத் தெரியணும். ஆளுக்கொண்ணு வாங்கறது கேக்க நியாயமா இருக்கும், நடைமுறையில காவல் காக்கற நாய் மூணையும் கொண்டுபோய் தன் படுக்கையில சேர்த்துடும், அதனால வாங்கினாலும் தனித்தனி ரூம்ல தான்.

அப்புறம் தினமும் ஒரு அஞ்சு நிமிஷப் பயிற்சி, இதுக்கு ரெண்டு ஆள் வேணும். செல்லி முன்னாடி கரடி வேண்டாம், அவ பெருசா கண்டுக்காத வேற ஒரு பொம்மை இருக்கட்டும். வீட்டுக்காரர் புரூனோவ பெல்ட்டுல பிடிச்சுக்கிட்டு செல்லி விறைக்காத தூரத்துல, ஹால் அந்தக் கோடியோ வாசலோ, வந்து நிக்கட்டும். புரூனோ கண்ணுல பட்டதும் நீங்க செல்லிக்கு கோழித் துண்டு ஒண்ணொண்ணா குடுத்துக்கிட்டே இருங்க, அவன் மறைஞ்சதும் நிறுத்திடுங்க. அவ்வளவுதான். புரூனோ வந்தா கோழி, போனா ஒண்ணும் கிடையாது, இது நாலு நாள் நடந்தா அவனப் பார்த்ததும் அவ உங்க கையப் பார்ப்பா, அந்தப் பார்வை வந்தப்புறம் ஒரு அடி கிட்ட வரலாம். விறைச்சா நீங்க அவசரப்பட்டுட்டீங்க, பின்னாடி போங்க. புரூனோவுக்கும் அந்தப் பக்கம் துண்டு கிடைக்கணும், கூப்பிட்டதும் திரும்பி வர்றதுக்காக. ரெண்டு பேருக்கும் நடுவுல மட்டும் எதையும் வீசிடாதீங்க. கரடிய வச்சு செய்யறதெல்லாம் கடைசியில, வாரக் கணக்காகலாம்.

கரடிக்கு பட்டன் கண்ணு இருந்தா பிச்சு எடுத்துடுங்க, தையல் விட்டிருந்தா தைங்க, பஞ்சோ உள்ள இருக்கற பீப்பியோ முழுங்கி குடல் அடைச்சா ஆபரேஷன் வரைக்கும் போகும், வாந்தி எடுத்து சாப்பிடாம படுத்தா காத்திருக்காதீங்க. சண்டை வந்துட்டா நடுவுல கைய விடாதீங்க, தண்ணி ஊத்துங்க, நாற்காலிய நடுவுல தள்ளுங்க. யார் மேலயாவது பல் பட்டா ஊசி போட்ட நாயா இருந்தாலும் ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரி போயிடுங்க.

ரத்தம் வர்ற அளவுக்கு மறுபடி கடி விழுந்தாலோ, வீட்டுல குழந்தைங்க மேல உறும ஆரம்பிச்சாலோ நேர்ல வந்து பார்க்கற ஒரு பயிற்சியாளர் வேணும். வர்றவர் ஷாக் காலரையோ முள்ளு பெல்ட்டையோ பையில இருந்து எடுத்தா காபி குடுத்து அனுப்பிடுங்க, வேற ஆள் பார்க்கலாம்.