பீகிள் நாய்களுக்கு வந்த நுரையீரல் புற்று, அமாங் தூசிலும் வருமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அமாங் (வெள்ளீய மணல் கழிவு) உலர்த்தும் கொட்டகையில் வேலை செய்யும் தம்பி கேட்டது இது.

அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில் அந்த நாய்கள் சுவாசித்தது புளூட்டோனியம் டைஆக்சைடு என்ற கதிரியக்கத் தூசு. அமாங்கில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் இருப்பது தோரியம், அதுவும் கதிரியக்கப் பொருள்தான். கிராமுக்குக் கிராம் கதிர்வீச்சு பல மடங்கு குறைவு. தாக்கும் வழி மட்டும் ஒன்றுதான்: இரண்டும் ஆல்ஃபா கதிர் விடும். ஆல்ஃபா கதிர் திசுவில் சுமார் 40 மைக்ரான்தான் பாயும். தோலைத் தாண்டாது, உள்ளே போய்விட்டால் பக்கத்துச் செல்லையே தாக்கும். சுமார் 5 மைக்ரானுக்குக் குறைந்த தூசு நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்கும், கரையாததால் ஆண்டுக்கணக்கில் தங்கும். நாய்களுக்கும் புற்று பல ஆண்டுகள் கழித்தே வந்தது. அதே புளூட்டோனியத்தைச் சுவாசித்த சிரியன் ஹாம்ஸ்டருக்கோ (எலி போன்ற சிறு விலங்கு) அரிது. ஆகவே நாய்க்கணக்கை அப்படியே மனிதனுக்கு மாற்றக்கூடாது.

துணி முகமூடி போதவே போதாது, தம்பி. பி100 (நுண்தூசைத் தடுக்கும்) வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். காய்ந்த தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள்.