கல்லாவில் உட்கார்ந்த முன்கள வீரர்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் விற்பனைப் பிரிவின் நட்சத்திரத்தைக் கிளை மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆர்டர் பிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒரு வவுச்சரைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், "ஜெர்மனியில் கோல் அடிக்கிறவன் கையில்தான் கிளப்பையே கொடுக்கிறார்கள், ஊலி ஹோனெஸைப் பாருங்கள்" என்றார். தேடிப் படித்தேன். கால்பந்து உலகக் கோப்பை வென்றவர், பேயர்ன் மியூனிக் கிளப்பை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் என்று ஒரு பக்கம். வரி ஏய்ப்பில் ஜெயிலுக்குப் போனவர் என்று இன்னொரு பக்கம். கோல் அடிப்பது கொஞ்சம் சுயநலமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவர் எப்படி நிர்வாகி ஆனார்? அந்த ஆளை மெச்சுவதா, வேண்டாமா?

எஸ்.ஆர்., ஓசூர்

அன்புள்ள எஸ்.ஆர்.,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி ஒரு முழங்காலில் இருக்கிறது.

ஹோனெஸ் 1952இல் ஊல்ம் நகரத்தில் பிறந்தவர். வீட்டில் கசாப்புக் கடை. 18 வயதில் பேயர்ன் மியூனிக்குக்கு வந்தார். நடுவில் கெர்ட் முல்லர் என்ற மகா கோல்காரர் நிற்க, அவரைச் சுற்றி ஓடுகிற முன்கள வீரர் இவர். காலில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. வேகம், வேகம் மட்டும்தான். 1974 மே மாதம் பிரசெல்ஸில் நடந்த ஐரோப்பியக் கிளப் கோப்பை இறுதி ஆட்டத்தின் மறு ஆட்டத்தைப் பார்த்தீர்கள் என்றால் புரியும். எதிரணி அத்லெடிகோ மாட்ரிட். முல்லர் இரண்டு, ஹோனெஸ் இரண்டு, 4-0. ஹோனெஸின் இரண்டாவது கோலில், தன் பாதி மைதானத்திலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடி, கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் போடுவார். பின்னால் துரத்துகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருப்பார்கள்.

இருபதில் ஐரோப்பிய நாடுகள் கோப்பை, இருபத்திரண்டில் உலகக் கோப்பை, இருபத்து நாலுக்குள் மூன்று ஐரோப்பியக் கிளப் கோப்பைகள். பட்டியலைப் பார்த்தால் குறையே தெரியாது. பக்கத்தில் போனால் வேறு கதை. 1974 உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராக இவர் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். இறுதி ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஜெர்மானியர் ஒருவர் காலிலும் பந்து படவில்லை, அதற்குள் எதிரணியின் க்ரைஃபைத் தட்டிவிட்டு நெதர்லாந்துக்குப் பெனால்டி கொடுத்தவரும் இவர்தான். ஜெர்மனி 2-1 என்று ஜெயித்ததால் பிழைத்தார். இரண்டு வருடம் கழித்து பெல்கிரேடில் செக்கோஸ்லோவாகியாவுக்கு எதிரான ஐரோப்பிய நாடுகள் கோப்பை இறுதி. 2-2, பெனால்டிக்குப் போனது. ஹோனெஸ் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே, எங்கேயோ போயிற்று. அடுத்து வந்த எதிரணியின் பனென்கா பந்தை மெல்லத் தூக்கிப் போட்டு ஆட்டத்தை முடித்தார். ஹோனெஸின் பந்து பெல்கிரேடின் இரவு வானத்தில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்பது ஜெர்மனியில் பழைய ஜோக்.

முழங்காலுக்கு வருகிறேன். 1975இல் பாரிஸில் இங்கிலாந்தின் லீட்ஸ் அணியுடன் நடந்த ஐரோப்பியக் கிளப் கோப்பை இறுதி ஆட்டத்தில், முதல் பாதியிலேயே முட்டி போய்விட்டது. அப்புறமும் மூன்று நாலு வருடம் ஆடினார். ஆனால் வேகத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு முட்டி போனால் என்ன மிச்சம்? 1978 கடைசியில் நியூரம்பெர்க் அணிக்குக் கடனாக அனுப்பினார்கள். அங்கேயும் சரிப்படவில்லை.

இந்த இடத்தில்தான் கசாப்புக் கடைக்காரர் மகன் எட்டிப் பார்க்கிறார். அதே 1978இல் பழைய தோழர் பால் பிரைட்னரைத் திரும்பக் கூட்டிவர கிளப்புக்கு ஆசை, கையில் காசு இல்லை. ஆடிக்கொண்டிருந்த ஹோனெஸே ஒரு லாரி கம்பெனியிடம் பேசி, அதன் பெயரைப் பனியனில் போட ஏற்பாடு செய்து, பணத்தைக் கொண்டுவந்தார். சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரர் கிளப்புக்கு ஸ்பான்சர் பிடித்துத் தருகிறார்! அடுத்த வருடம் மார்ச்சில், கிளப் தலைவர் கொண்டுவர நினைத்த பயிற்சியாளர் வேண்டாம் என்று ஆட்டக்காரர்கள் போர்க்கொடி தூக்க, தலைவர் ராஜினாமா செய்தார். அந்தக் களேபரம் அடங்கிய கையோடு, 1979 மே 1ஆம் தேதி, ஹோனெஸ் பேயர்னின் மேலாளர் ஆனார். வயது 27. ஜெர்மன் லீகில் அவ்வளவு சின்ன வயதில் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

கிளப்பின் வருட வரவு சுமார் 1.2 கோடி மார்க் (அப்போதைய ஜெர்மன் நாணயம்), கடன் சுமார் 70 லட்சம் மார்க். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வரவில் பெரும்பகுதி டிக்கெட் வாசலில் வருகிற காசு. மழை பெய்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் சம்பளம் இடிக்கும். தெருமுனைக் கடைக்கு இருக்கிற அதே தலைவலி.

அவர் செய்த காரியங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது 1984இல் நடந்தது. அப்போது பேயர்னின் உயிர்நாடி கார்ல்-ஹைன்ஸ் ருமெனிகே. ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை இரண்டு முறை வாங்கியவர், ஹோனெஸோடு சேர்ந்து ஆடியவர். அவரைக் கேட்டு இத்தாலியின் இன்டர் மிலான் ஒரு கோடி மார்க்குக்கு மேல் கொண்டுவந்தது. ருமெனிகேவுக்கு வயது 28. ஹோனெஸ் விற்றுவிட்டார். கடன் தீர்ந்தது. அதே கோடையில் லோதர் மத்தேயுஸ் என்ற இளம் வீரரை அதைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு வாங்கிப்போட்டார். 1985, 86, 87 என்று மூன்று வருடம் தொடர்ந்து லீக் பட்டம்.

28 வயது முன்கள வீரரின் கால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட யாருக்குத் தெரியும்? 23 வயதில் முட்டியைப் பறிகொடுத்து, கூட்டத்துக்கு நடுவில் தன் விலை சரிவதைப் பார்த்தவனுக்குத் தெரியும். வெறும் கணக்குப்பிள்ளைக்கு ருமெனிகேவை விற்கத் தைரியம் வந்திருக்காது, வெறும் ஆட்டக்காரனுக்கு மனசு வந்திருக்காது என்பது என் எண்ணம். விற்கப்பட்ட ருமெனிகேவும் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. 1991இல் துணைத் தலைவராகத் திரும்பி வந்தார். 2002 முதல் 2021 வரை கிளப்பின் நிறுவனத்துக்கு அவர்தான் தலைமை நிர்வாகி. கோல் அடித்த இரண்டு பேர் மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வருடக்கணக்கில் கிளப்பை நடத்தினார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை, ஹோனெஸின் தம்பி டீட்டரும் ஸ்ட்ரைக்கர்தான். 1982 ஜெர்மன் கோப்பை இறுதியில் மண்டை உடைந்து, தலைப்பாகை மாதிரிக் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கட்டோடு தலையால் முட்டி கோல் போட்டவர். அவரும் பிற்பாடு ஸ்டுட்கார்ட், ஹெர்தா பெர்லின் கிளப்புகளின் மேலாளர் ஆனார். ஆக உங்கள் நண்பர் ஒரு குடும்பத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ஆனால் இருவரும் ஒரே கடையில் வளர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

1982 பிப்ரவரியில், தேசிய அணியின் ஆட்டம் பார்க்க ஹனோவருக்குப் போன சின்ன விமானம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஹோனெஸ் ஒருவர் மட்டும் பிழைத்தார். அதற்குப் பிறகு மனிதரே மாறிவிட்டார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சுலபமாகச் சொல்லத் தோன்றவில்லை. விழுவதற்கு முன்பும் பின்பும் அதே முரட்டு வாய், அதே வியாபார மூளை. 1985இல் நியூரம்பெர்க்கில் சாசேஜ் தொழிற்சாலை ஒன்றைக் கூட்டாகத் தொடங்கினார். அப்பா தொழிலை மகன் விடவில்லை.

வாய் முரடு என்றேன். 2007 பொதுக்குழுவில், புது மைதானத்தில் ஆரவாரமே இல்லை, எல்லாம் பணக்காரர்களுக்காக என்று ரசிகர்கள் குறை சொல்ல, ஹோனெஸ் மேடையிலேயே வெடித்துவிட்டார். ஆரவாரம் செய்ய வேண்டியது நீங்கள், நாங்களா? 7 யூரோவுக்கு நீங்கள் நின்று பார்க்கிறீர்களே, அந்தக் குறைச்சலை ஈடுகட்டுவது யார்? கண்ணாடி அறையில் உட்காருகிற பணக்காரர்களிடம் நாங்கள் கறக்கிற காசுதான் என்று கத்தினார். (வார்த்தைக்கு வார்த்தை நான் இங்கே போட முடியாது.) கேட்க அசிங்கமாக இருந்தாலும் அதில் ஒரு கணக்கு இருந்தது. நிற்கும் இடத்தின் விலையைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். அவ்வளவு வெற்றி பெற்ற கிளப், கூலி வேலை செய்கிறவனும் டிக்கெட் வாங்குகிற மாதிரி வைத்திருந்தது.

பேயர்னைத் தோற்கடித்த பெருமையை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்ற கிளப் ஹாம்பர்கின் சாங்க்ட் பௌலி. 2003இல் அது திவாலாகும் நிலையில், ஹோனெஸ் தன் அணியைக் கூட்டிப்போய் உதவி ஆட்டம் ஆடிக் கொடுத்தார். குடியில் அழிந்துகொண்டிருந்த கெர்ட் முல்லரைப் பிடித்து இழுத்துச் சிகிச்சைக்கு அனுப்பி, கிளப்பின் இரண்டாம் அணியில் பயிற்சியாளர் வேலையும் போட்டுக் கொடுத்தார்கள். அதிலும் ஹோனெஸ்தான் முன்னால் நின்றார்.

அவர் மேலாளராக இருந்த 30 வருடத்தில் 16 லீக் பட்டங்கள். பேயர்னின் 'ஃபெஸ்ட்கெல்ட்கோன்டோ' ஜெர்மன் கால்பந்துப் பேச்சில் ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டது. பயந்துவிடாதீர்கள், நம் எஃப்.டி.தான்! மற்ற கிளப்புகள் வட்டி கட்டும்போது இவர்கள் வட்டி வாங்கினார்கள். 34 கோடி யூரோவில் கட்டிய மைதானத்தின் கடனை, கெடுவுக்கு 16 வருடம் முன்னதாக, 2014இலேயே அடைத்தார்கள்.

அந்த 2014இல்தான் கிளப் தலைவராக இருந்த ஹோனெஸ் மியூனிக் நீதிமன்றத்தில் நின்றார். சுவிட்சர்லாந்து வங்கிக் கணக்கு ஒன்றின் வழியாக நாணயச் சந்தையில் சொந்தப் பணத்தை வைத்து ஆடியிருக்கிறார், வரி கட்டவில்லை. குற்றப்பத்திரிகையில் 35 லட்சம் யூரோ. முதல் நாளே அவர் தரப்பில் 1.85 கோடி என்று ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பில் அது 2.85 கோடி ஆயிற்று. மூன்றரை வருடச் சிறை. மேல்முறையீடு செய்யவில்லை, பதவியை விட்டார், ஜூன் மாதம் லாண்ட்ஸ்பெர்க் சிறைக்குப் போனார்.

மெச்சுவதா என்று கேட்டீர்கள். அவர் ஜெயிலுக்குப் போனது சரி, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மேல்முறையீட்டுக்குப் போகாததற்காகக் கைதட்டவும் மாட்டேன். என்னைக் குடைவது வேறு. ஊரார் பணத்தை எஃப்.டி.யில் போட்டுக் காத்த மனுஷன், சொந்தப் பணத்தை மட்டும் ஏன் சூதாட்டத்தில் வைத்தான்? பந்தைத் தள்ளிக்கொண்டு ஒற்றை ஆளாக ஓடுகிற ஆசை கல்லாவில் உட்கார்ந்தால் அடங்கிவிடாது போலும். கிளப்பில் அதற்கு இடமில்லை, ஆகவே வீட்டுக்கு எடுத்துப்போனார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன சுயநலம் இங்கேதான் இருந்திருக்குமோ?

2015 ஜனவரியில் பகலில் வெளியே போய் வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. பகல் முழுக்க பேயர்னின் இளையோர் பிரிவில் வேலை, ராத்திரி சிறைக்குத் திரும்ப வேண்டும். 2016 பிப்ரவரியில் விடுதலை. அதே நவம்பரில் உறுப்பினர்கள் அவரை மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊர் அரசியலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

உங்கள் கிளை மேலாளர் விஷயம். வவுச்சர் எழுதத் தெரியாதது பெரிய குறை இல்லை, அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். ஆர்டர் பிடிப்பதில் இன்னும் யாரும் அவரை அடிக்க முடியவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. அவருக்கு எப்போதாவது முட்டி போயிருக்கிறதா என்று விசாரித்து எழுதுங்கள்.