கணினிக் கேள்வி பதில்: டிசம்பர் எங்கே போனது?

கேள்வி: ஐயா, என் அண்ணா நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறார். அவர் கொப்பியில் எழுதி வைத்திருந்த 2022, 2023, 2024 வரவுகளை நான் மைக்ரோசொப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். திகதி, பெயர், தொகை என்று மூன்று புலங்கள், அதாவது நிரல்கள். மாதவாரியாகக் கூட்டச் சொன்னால் பத்து வரிதான் வருகிறது. நவம்பரும் டிசம்பரும் இல்லை. ஓகஸ்ட் வரவோ நம்ப முடியாத அளவுக்குப் பெரிது. கொப்பியே நல்லது என்று அண்ணா சிரிக்கிறார். பிழை எங்கே?
- வாசகி, நிலாவெளி

பதில்: அண்ணா கொஞ்சம் பொறுத்துச் சிரிக்கட்டும், பிள்ளை. திகதியிலிருந்து மாதத்தை மட்டும் பிரித்து எடுத்திருப்பீர்கள். அதற்கான ‘மந்த்’ சார்பு 1 முதல் 12 வரை ஓர் எண்ணைத் தரும், அவ்வளவுதான். அது எந்த வருடத்து 8 என்பது அதில் இல்லை. மூன்று ஓகஸ்ட்களும் ஒரே சாக்கில் விழுந்துவிட்டன. வருடத்தையும் சேர்த்துத் தொகுக்க வேண்டும். ‘ஃபோர்மட்’ சார்பில் நான்கு ‘வை’, ஒரு சிறுகோடு, இரண்டு ‘எம்’ கொடுத்தால் 2023-08 என்று வரும். அதைத் தொகுக்கும் புலமாக வைத்து, தொகைக்குக் கூட்டலைத் தெரிவுசெய்யுங்கள். மாதப் பெயரை எழுத்தில் எடுக்க வேண்டாம். எடுத்தால் ஆங்கில அகரவரிசையில் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று அடுக்கிவிடும். அப்படி அச்சடித்த அறிக்கைகளை அலுவலகங்களிலேயே பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் விடயம் வேறு. வாடைக்கடல் கொந்தளிக்கும்போது யாரும் புறாத்தீவுக்குப் போவதில்லை, காசும் வருவதில்லை, அட்டவணையில் பதிவும் இல்லை. பதிவு இல்லாத மாதத்துக்குத் தொகுப்பும் உருவாகாது. உங்கள் கண்ணுக்கு அது பூச்சியம். அக்சஸுக்கு அப்படி ஒரு மாதமே கிடையாது. இதைச் சின்ன விடயமாக விட்டுவிடாதீர்கள். நடந்த மாதங்களை மட்டும் வைத்து மாதச் சராசரி எடுத்தால் அது ஊதிப்போய் நிற்கும். அதை நம்பிப் படகு என்ஜினுக்குக் கடன் எடுத்தால் தவணை டிசம்பரிலும் கேட்கும்.

ஆகவே மாதங்களுக்கென்றே தனி அட்டவணை ஒன்று போடுங்கள். 2022-01 முதல் 2024-12 வரை 36 வரிகள், ஒரே புலம். மேலே சொன்ன கூட்டல் வினவலை, அதாவது அக்சஸிடம் கேட்கும் அந்தக் கேள்வியை, தனியாகச் சேமித்து, புதிய வினவலில் இரண்டையும் இணையுங்கள். இணைப்புக் கோட்டை இரட்டைச் சொடுக்கினால் மூன்று தெரிவுகள் வரும். மாத அட்டவணையின் எல்லாப் பதிவுகளையும் காட்டும் தெரிவை எடுங்கள். வெறுமையாக வரும் தொகையை ‘என்இசட்’ சார்பு பூச்சியமாக்கும். சராசரியை இந்த இரண்டாவது வினவலிலிருந்து எடுங்கள்.

ஒரு மாதத்தை மட்டும் வடிகட்டும்போது, ‘1 முதல் 31 வரை’ என்று எழுதாதீர்கள். அக்சஸ் திகதியை ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது: 1899 டிசம்பர் 30 இலிருந்து எத்தனை நாள் என்பது முழு எண், நேரம் என்பது தசமம். நண்பகல் 0.5. பதியும்போது நேரமும் சேர்ந்து விழுந்திருந்தால், 31 ஆம் திகதி காலையில் வாங்கிய காசு 31 ஐ விடப் பெரிய எண்ணாகி வெளியே நின்றுவிடும். ஓகஸ்ட் 1 அல்லது அதற்குப் பின், செப்டெம்பர் 1 க்கு முன். இப்படி எழுதினால் பெப்ரவரிக்கு எத்தனை நாள் என்றும் யோசிக்க வேண்டியதில்லை. வினவலைக் கட்டளையாக எழுதும் எஸ்கியூஎல் பார்வையில் திகதியை எழுதினால் மாதத்தை முதலில் எழுதுங்கள். அங்கே 3/8/2023 என்பது மார்ச் 8.

நீங்கள் கேட்காத ஒன்று. பெப்ரவரியில் முற்பணம் கட்டி ஜூலையில் வருகிறவர் எந்த மாதத்துக் கணக்கு? கையில் காசு எப்போது வந்தது என்பதற்குப் பணம் வாங்கிய திகதி, எந்த மாதத்தில் எவ்வளவு ஓட்டம் என்பதற்குப் பயணத் திகதி. ஒரே திகதிப் புலத்தால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. பயணத் திகதிக்கென்று நான்காவது புலத்தை இன்றே சேருங்கள். 2003 முதல் புறாத்தீவு தேசிய பூங்கா. நுழைவுச்சீட்டுக் காசையும் அண்ணா சேர்த்து வாங்கிக் கொடுக்கிறார் என்றால் அது வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகும் காசு. வருமானத்தோடு கூட்டாமல் தனிப் புலத்தில் வையுங்கள்.

வருமான வரிக்கு வருடக் கூட்டல் வேண்டுமானால் நம் வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. திகதியிலிருந்து மூன்று மாதத்தைக் கழித்துவிட்டு வருடத்தை எடுங்கள். 2024 மார்ச் 2023 க்குள் போய்ச் சேரும், 2024 ஏப்ரல் 2024 ஆகவே நிற்கும்.

கேள்வி: உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். இணையவழிக் கொடுப்பனவுக் கோப்பின் மாதக் கூட்டலும் எங்கள் பேரேடும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் வித்தியாசப்படுகின்றன. வருடக் கூட்டல் மட்டும் சரி.
- வாசகர், உப்புவெளி

பதில்: கோப்பின் நேரம் அனைத்துலகப் பொது நேரமா என்று பாருங்கள், தம்பி. நாம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். நம் நேரப்படி மே 1 அதிகாலை 2 மணிக்கு ஐரோப்பாவிலிருந்து ஒருவர் கட்டிய பணம் அந்தக் கோப்பில் ஏப்ரல் 30 இரவு 8.30. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிய பிறகு மாதத்தைப் பிரியுங்கள். முதலில் பிரித்துவிட்டுப் பிறகு திருத்த முடியாது. டொலரும் ரூபாவும் ஒரே நிரலில் இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் எக்செல் பிவட் அட்டவணை போதாதா?
- வாசகர், திருகோணமலை

பதில்: ஒரு கடைக்குத் தாராளமாகப் போதும். திகதியைத் தொகுக்கும்போது மாதத்தோடு வருடத்தையும் தெரிவுசெய்ய மறக்காதீர்கள். தொகுக்க முடியாது என்று அடம்பிடித்தால் பெரும்பாலும் திகதி நிரலில் எங்காவது ஒரு கலத்தில் திகதி எழுத்தாகக் கிடக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.